ஜெயகுமாரி தேர்ந்தெடுத்த மாநிலம்

அமெரிக்காவில் குடியிருக்க எந்த மாநிலம் நல்லது என்று எங்கள் அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பதிலைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அத்தனையும் பாஸ்போர்ட்கூட எடுக்காத ஜனங்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பச்சையப்பன், "கலிபோர்னியாதான் மேடம். நம்ம ஊரு மாரியே வெயிலு. மத்த எடமெல்லாம் பனியில வெறச்சிப் பூடுவீங்க" என்று அடித்துச் சொன்னார். கேன்டீனில் நியூ ஜெர்சி என்றார்கள், அங்கே கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்குமாம். கறிவேப்பிலைக்காக ஒருத்தி ஏழு கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்டேன்.

இந்தக் கூத்தெல்லாம் ஜெயகுமாரிக்காக. அவள் எங்கள் ஐசியூவின் சீனியர் நர்ஸ். நான் பானுப்பிரியா, அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பதினாறு வருடச் சிநேகம். அவள் அமெரிக்கா போகிறாள் என்பதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. இப்போது தெருவுக்கு ஒருத்தர் போகிறார்கள், அதில் என்ன அதிசயம்? இவள் எப்படிப் போகிறாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெயாவின் அப்பா அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர். மூன்று பிள்ளைகள். மூத்தவர் ஜாபஸ் அண்ணன், நடுவில் ஜெயா, கடைசி ரெனிதா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, ஜாபஸ் அண்ணன் வீட்டுக்குப் பெரியவர் ஆனார். அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் அவர் செயலாளர். நல்லவர் என்று அண்ணனூரே சொல்லும், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் வாழ்க்கை உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற நல்லவர். கெட்டவனிடம் சண்டையாவது போடலாம். இந்த ரகத்திடம் என்ன செய்வது?

ஜெயாவுக்கு இருபத்துமூன்று வயதில் கல்யாணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை குடித்தான், அடித்தான். ஒன்றரை வருடத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடமாக அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறாள். வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் பழைய பீரோ, உடைந்த சைக்கிள், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். அவற்றுக்கெல்லாம் கதவு உண்டு, இவளுக்குக் கிடையாது.

டியூட்டி முடிந்து வர அரை மணி தாமதமானால் அண்ணன் வாசலில் நிற்பார். போன் வந்தால் யாரென்று கேட்பார். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும்போது, "ஜெயா, பந்தியில இன்னா கொறயுதுன்னு பாத்துக்கினு வா" என்று அண்ணி அனுப்பிவிடுவாள். ஐசியூவில் நாலு உயிரை ஒற்றை ஆளாகக் காப்பாற்றுகிறவள், என்னோடு பூந்தமல்லிக்குப் புடவை எடுக்க வருவதற்கு வீட்டில் அனுமதி கேட்பாள். "எனுக்கு நாப்பத்துமூணு வயசு பானு. இன்னும் லீவு லெட்டர் எழுதிக்கினு கீறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும்.

முப்பத்தொரு வயதில் யாரிடமும் சொல்லாமல் அமெரிக்க நர்ஸ் பரீட்சையை எழுதிப் பாஸ் செய்தாள். ஒரு ஏஜென்சி அவள் பேரில் விண்ணப்பம் போட்டது. அப்புறம் காத்திருப்புதான். விசாவுக்கு நம் நாட்டு வரிசை அவ்வளவு நீளம். பன்னிரண்டு வருடம்! நடுவில் ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழ் காலாவதியாகிக் காலாவதியாகி மூன்று தடவை மறுபடி எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் டிரெயினிங் என்று வீட்டில் பொய் சொன்னாள். ஆமாம், எனக்கும் டிரெயினிங்தான் என்று நான் கூடவே பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக எனக்கு இன்றுவரை துளி வருத்தம் இல்லை.

இந்த வருடம் ஆகஸ்டில் அவள் முறை வந்தது. ஏஜென்சி மெயில் அனுப்பியது. மூன்று மாநிலங்களில் மூன்று ஆஸ்பத்திரிகள்: டெக்சாஸ், நியூ ஜெர்சி, நார்த் டகோட்டா. திங்கட்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர்களே ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

இனி மறைக்க முடியாது என்று வீட்டில் சொன்னாள். அண்ணன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் என்னவென்றால் ஸ்தோத்திரம் என்று கையைத் தூக்கிவிட்டு, உடனே முடிவையும் சொல்லிவிட்டார். டெக்சாஸ். அண்ணியின் தம்பி பிராங்க் அங்கேதான் இருக்கிறான், அவன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். கல்யாணமாகி நியூ ஜெர்சியில் இருக்கும் ரெனிதா போனில் அழுதாள். அக்கா தன்னிடம் வந்தால் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள், தானும் வேலைக்குப் போகலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஆக, இருவரும் இவளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மாலை ஜெயா அயனம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். ஏரிக்கரையில் நடந்தபடி நான் போனில் தேடித் தேடி மூன்று மாநிலங்களையும் ஒப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரி எவ்வளவு, வாடகை எவ்வளவு, வெயில் எப்படி, துப்பாக்கி எப்படி என்று பெரிய அதிகாரி மாதிரி பட்டியல் போட்டேன்.

"அதெல்லாம் வுடு. அங்க நம்ம ஆளுங்க யாருனா கீறாங்களா?" என்றாள்.

துணைக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "டெக்சாஸ்ல எக்கச்சக்கம்டி. நியூ ஜெர்சில தடுக்கி வுழுந்தா தமிழன்தான்."

"டகோட்டால?"

"அந்த ஊர்ல தமிழ்ச் சங்கமும் இல்ல, தமிழ்ச் சபையும் இல்ல. மைனஸ் முப்பது குளிராம். கண் இமையில ஐஸ் கட்டுமாம், போட்டோ போட்டுகிறாங்க பாரு."

"எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சவங்க?"

"ஒரு ஈ காக்கா கெடையாது."

"அப்ப அதான் நல்ல மாநிலம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பைத்தியமா உனக்கு, ஆத்திர அவசரத்துக்கு ஒரு டம்ளர் வெந்நீர் தர ஆள் வேண்டாமா என்று கத்தினேன். நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"பிராங்க் ஊட்ல இருந்தா நான் எத்தினி மணிக்கு வந்தேன்னு அவன் அண்ணிக்கு சொல்லுவான். அண்ணி அண்ணனுக்கு சொல்லும். அண்ணன் எனுக்கு போன் பண்ணுவாரு. அது டெக்சாஸ் இல்ல பானு, பிளேன் ஏறிப் போற அண்ணனூரு. ரெனிதா பாவம்தான். ஆனா அவ ஊட்லயும் எனுக்கு ஹாலுதான். டகோட்டால ஐசியூ வேல தராங்க. தங்க ஒரு ரூம் தராங்க. கதவ நானே சாத்தணும், நானே தொறக்கணும். எவனும் கேக்கக் கூடாது. இதுக்கு மேல ஒரு மாநிலத்துல இன்னாடி வேணும்?"

உண்மையைச் சொன்னால், குளிர் என்று நான் பயமுறுத்தியதெல்லாம் அவளுக்காக அல்ல. அவள் போய்விட்டால் மத்தியான டப்பாவை யாரோடு உட்கார்ந்து திறப்பது என்று எனக்கு அழுகை முட்டியது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் வீட்டில் ஜெபம் என்று ஜாபஸ் அண்ணன் சொல்லிவிட்டார். "சாட்சிக்கு நீ வந்துரு" என்று ஜெயா என்னையும் கூப்பிட்டாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விஷயம் முடிவுக்கு வராமல் இழுத்தால் சீட்டு எழுதி, மடித்து, வேதாகமத்துக்குள் வைத்து, முழங்கால் போட்டு ஜெபம் செய்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள். வந்த சீட்டு கர்த்தருடைய சித்தம், மறுபேச்சு கூடாது. மூன்றில் இரண்டு நம் ஜனம் இருக்கிற இடம், அதில் ஒன்றுதான் வரும், கை மீறாது என்று அண்ணன் தைரியமாக இருந்தார்.

"சீட்ட நானே எழுதுறேன்" என்றாள் ஜெயா.

"யாரு எழுதினா இன்னா?" என்றார் அண்ணன்.

அவள் சமையலறைக்குப் போய் எழுதி மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். மேஜைமேல் சாய்த்த போனில் ரெனிதா தூக்கக் கண்ணோடு இருந்தாள். அண்ணன் ஜெபித்தார், ஜெபித்தார், அப்படி ஜெபித்தார். முருகனைக் கும்பிடுகிற நானும் மரியாதைக்கு முழங்கால் போட்டு, எழுந்திருக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"நார்த் டகோட்டா" என்று படித்தார். அண்ணி, "ஐயய்யோ!" என்றாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெபத்துல எனக்கு மனசு ஒருமைப்படல. நடுவுல குக்கர் வேற விசில் வுட்டுச்சு. திரும்ப எடுப்போம்."

சீட்டை மடித்து உள்ளே வைத்து, கலைத்து, கண்ணீரோடு இன்னொரு ஜெபம் செய்து எடுத்தார். மறுபடியும் டகோட்டா. என்ன வந்தது என்று ரெனிதா போனில் கத்தினாள். அண்ணனின் நெற்றி வேர்த்துவிட்டது.

"மூணு தடவ எடுக்கறதுதான் முறை" என்றார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "கர்த்தர் ரெண்டு தடவ சொல்லியும் நீங்க கேக்கலன்னா எப்டிண்ணே?" என்று கேட்டேவிட்டேன். அண்ணி என்னை முறைத்தாள்.

ஜெயா எழுந்து வேதாகமத்திலிருந்து மிச்சச் சீட்டுகளை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். "எதுக்கு இன்னொரு ஜெபம்? நீயே பிரிச்சுப் பாரு."

மூன்றிலும் நார்த் டகோட்டா.

"ஆண்டவர் பேர்ல மோசடி பண்ணிகிறியா? இதே பைபிள்ல கை வெச்சு?" அண்ணன் சீட்டுகளை நீட்டிக் கேட்டார்.

"ஆமா. பண்ணேன். சொல்லிட்டேன் பாரு, மறைக்கல." ஜெயா நின்றபடியே பேசினாள். "என் கல்யாணத்துக்கும் இதே பைபிள்தான்ணே. ரெண்டு மாப்ள, ரெண்டு சீட்டு. எழுதினது நீ, எடுத்தது நீ, வாழ்ந்தது மட்டும் நானு. அடி வாங்கிக்கினு வந்து இந்த வாசல்ல நின்னப்பகூட, கர்த்தர் சித்தம்மா, பொறுத்துக்கோன்னு சொன்ன. நானும் பொறுத்தேன். ஒரு தடவ எடுத்த சீட்டுக்கே நான் அத்தினி பட்டேன். இன்னிக்கு உனுக்குப் புடிக்காத ஊரு வந்ததும் நீ ரெண்டாவது தடவ எடுக்குற. மூணாவது தடவயும் எடுக்கப் போற. அன்னிக்கு எனுக்கு ஏண்ணே ரெண்டாவது சீட்டு எடுக்கல?"

இது எனக்கே அன்றுதான் தெரியும். பதினாறு வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்ட என்னிடம்கூட இதை அவள் சொன்னதில்லை.

அண்ணன் சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். வேறு ஆளாகப் பேசினார். "சரி, நான் செஞ்சது தப்பாவே இருக்கட்டும். அவ்ளோ தூரத்துல, அந்தக் குளிர்ல, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாப்பா ஜெயா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமான பயம். எனக்குக்கூட ஒரு கணம் பாவமாகிவிட்டது.

ஜெயாவும் குரலை இறக்கினாள். "எனுக்கு டெங்கு வந்துச்சே, ஞாபகம் கீதா? நீங்க எல்லாரும் வேலூர்ல சபை கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தீங்க. இதே ஹால்ல ஜன்னல் கம்பியில பாட்டில மாட்டி, என் கையில நானே ஊசி குத்தி டிரிப் ஏத்திக்கினேன். ராத்திரி நீங்க வந்ததும் எழுந்து தோச சுட்டேன். இங்க யாருண்ணே பாத்தா?"

அண்ணி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜெயா ஹாலின் நடுவிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் ஏஜென்சியின் படிவத்தைத் திறந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். மாநிலம் என்ற இடத்தில் டகோட்டாவைத் தொட்டாள். அடுத்தது, தேர்ந்தெடுத்த காரணம். குடும்பம், தட்பவெப்பம், சம்பளம், மற்றவை என்று நாலு கட்டம். மற்றவை என்பதைத் தொட்டதும் விளக்கம் கேட்டு ஒரு வெள்ளைப் பெட்டி விரிந்தது. அதில் அவள் ஆங்கிலத்தில் தட்டியதைத் தமிழில் சொன்னால் இரண்டே வார்த்தை: என் விருப்பம்.

"இவ்ளோதானா? வெளக்கமா எழுதுடி, பெட்டில எவ்ளோ எடம் கீது பாரு" என்றேன்.

"நாப்பத்துமூணு வருஷத்துல மொத தடவ எழுதுறேன். இதுக்கு இன்னா வெளக்கம்?" என்று சொல்லிவிட்டு, அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டே அனுப்பினாள்.