ஜமீலா அக்கா வாசித்த ஆறு கதைகள்

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி நூலகத்தைத் திறந்து, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து அண்ணாச்சி கைபேசியில் அழைத்தார். சேரன்மகாதேவியில் எங்கள் கலைவிழாவை நடத்தும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். "ஜமீலா அக்கா போயிட்டாவ. காலையில தொழுதுட்டு உக்காந்தவுக அப்படியே சாஞ்சுட்டாவளாம்" என்றார். பிறகு அவர், "இனி ஒங்க கதைய யாரு வாசிப்பா?" என்றார்.

துக்கத்தில் கேட்ட கேள்வி அது. எனக்குள் உடனே ஒரு பதில் எழுந்தது: நான். அந்தப் பதிலில் துக்கத்தைவிட நிம்மதி கூடுதலாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மேலப்பாளையத்துக்காரர். பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் வேலையை இருபத்தைந்து ஆண்டுகள் பார்த்தவர். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் குரல்தான் வழி. "பேரச் சொன்னா அவுக எந்திரிக்கணும், சேலையச் சரி பண்ணணும், செருப்பத் தேடணும். அதுக்குள்ள அடுத்த பேரச் சொல்லிட்டா அந்த மனுசி பதறிப் போவால்லா" என்பார்.

எங்கள் விழாவில் ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதியவர் மேடையேறுவதில்லை. அவர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்க, வேறொருவர் வாசிப்பார். கேட்டவர்கள் கருத்துச் சொல்லி முடித்த பிறகே எழுதியவரின் பெயரை அறிவிப்பார்கள். முகத்துக்காக யாரும் புகழ்ந்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. முதல் ஆண்டு என் கதை அக்காவிடம் போனது.

அந்தக் கதையில், ஆறு வருடம் கழித்து சவூதியிலிருந்து வரும் கணவன் கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து மனைவி, "யாரு?" என்கிறாள். அக்கா அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு நிறுத்தினார். தாளிலிருந்து தலையை நிமிர்த்திக் காத்திருந்தார். நான் அங்கே நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வரி உடனே வருகிறது. பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் தாழ்வாக, "நான்தாம்ளா" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

பல நாள் உட்கார்ந்து எழுதியது நான். ஆனால் கதையின் மிக நல்ல வரி அன்று அந்த மைதானத்தில்தான் பிறந்தது. அதை நான் எழுதவில்லை.

முடிவில் என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதற்குள் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துவிட்டார்கள். பத்தமடையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுல நடந்தத ஒனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார்.

"எழுதுனது நான் இல்ல. அந்தா, கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காள்லா, அவ."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "சரி, சரி" என்றார். மறுபடியும் அக்காவின் கையையே பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டும் அதுவே நடந்தது. மூன்றாம் ஆண்டு, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நான் அண்ணாச்சியிடம், "அக்காவுக்குத் தொண்டை சரியில்ல போலிருக்கு. பாவம், வேற ஆளு தேட நேரமில்ல, வழக்கத்த விட்டுட்டு இந்தத் தடவ நானே வாசிச்சிருதேன்" என்றேன். அக்காவின் தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

விழாவன்று அவர் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் பேசாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அண்ணாச்சி அவரிடம் தொண்டையைப் பற்றி ஏற்கெனவே கேட்டிருக்கிறார், அவரும் என் பொய்யைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாசிக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. சுக்குக்காப்பிக்காரரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. கடைசி வரி வரை என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அக்கா ஒருவர்தான்.

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்ல கதைளா. ஆனா கதையில வார அந்தக் கெழவி முதல் படியில கால் வைக்கதுக்குள்ள நீ மாடியில போய் நின்னுட்ட" என்றார். மப்ளரை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். "தொண்டை சரியாப் போச்சு. அண்ணாச்சிகிட்ட நீயே சொல்லிரு."

சொன்னேன். அக்காவிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகள், நான்கு கதைகள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார். "இந்தப் பொம்பளைக்கு என்ன வயசு? காலையில சாப்பிட்டாளா?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்திருக்காது, மேடையில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் வீம்புக்கென்றே, அவர் எங்கேயும் நிறுத்த முடியாதபடி நீள நீளமான வாக்கியங்களாக எழுதினேன். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் கூட்டம் கண்ணைத் துடைத்தது.

செவ்வாய் மாலை ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிச் சென்ற பிறகு, பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு மைமூன் மாமி சொல்லிக்கொண்டிருந்தார்: "இவ மாப்பிள்ளை ஆறு வருசம் சவூதியில கெடந்துட்டு வந்து கதவத் தட்டுதாரு. இவ உள்ளேர்ந்து 'யாரு?'ங்கா. அந்த மனுசன் வாசல்லயே அழுதுட்டாராம். பாவி மக, எப்படிச் சொல்லுவா தெரியுமா அத."

அக்காவின் கணவர் தெருமுனையில் மாவு மில் வைத்திருந்தவர். நாகர்கோவிலைத் தாண்டிப் போனதில்லை.

அக்காவின் மகள் ரஹ்மத் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் சொல்லத்தான் வாய் வந்தது: அது என் கதை, என் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்தைக் காட்டுகிறேன்.

"நீயும் கேட்டிருக்கியாம்மா?" என்றார் மாமி.

"ஆமா மாமி. அவங்க வீட்டுல நடந்ததுன்னு எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க" என்றேன்.

ரஹ்மத் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தை பிறந்ததும் விழா. நானே வாசிப்பதாக அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

போய் வாருங்கள், அக்கா. அந்த ஒரு கதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அது உங்களுடையதாகவே ஆகிவிட்டது. மற்ற ஐந்தும் என்னுடையவை. அவற்றைத் தர மாட்டேன்.