செவலையைத் தூக்கிய நாட்கள்

எங்கள் செவலைக் காளை விழுந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். மலைமேல் எங்கள் திருப்புலி நாட்டில் அது சாமை விதைக்கிற பருவம். காட்டோரத்தில் மழை நனைத்து வைத்திருந்த பாறையில் கால் வைத்ததும் அதன் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிவிட்டன. அப்படியே உட்கார்ந்தது. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பகுதி தரையைவிட்டு வரவில்லை. எலும்பு எதுவும் முறியவில்லை என்று அப்பா தடவிப் பார்த்துச் சொன்னார். அன்று அக்கம்பக்கத்தார் வந்து மூங்கில் தட்டியில் கிடத்தி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் விதைப்பு இருந்தது.

அந்தக் காளையில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, இருந்த ஒரே சோடியும் பிரிந்தது. செவலை எங்களுக்கு, மயிலை சித்தப்பாவுக்கு. உழுகிற காட்டைப் பிரித்ததில் ஊற்று எங்கள் பக்கம் விழ, கல்லும் சரிவும் சித்தப்பா பக்கம் விழுந்தன. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு யாரால் உழ முடியும்? உழவு நாட்களில் மட்டும் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவார்கள். காளைகளுக்குள் சண்டை இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் சித்தப்பா சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தோளில் இரண்டு மூங்கில்கள் இருந்தன. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கண்ணு, உங்கப்பாகிட்டச் சொல்லு. இப்படியே படுத்துக் கெடந்தா அதோட எடையே அதைக் கொன்னுரும். காலையிலயும் பொழுதோடயும் தூக்கி நிக்க வெக்கோணும்."

அப்பா நாலடி தள்ளித்தான் நின்றார். நான் திரும்பி நின்று சொன்னேன். "செரின்னு சொல்லு" என்றார் அப்பா. அதையும் சொன்னேன்.

அன்றுமுதல் தினமும் அதே வேலை. கோணிச்சாக்கை மடித்து, செவலையின் வயிற்றுக்கடியில் பின்னங்காலோரமாகச் செலுத்தி, இரு புறமும் மூங்கிலில் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு மூங்கிலுக்கு அப்பாவும் அம்மாவும், மற்றதற்குச் சித்தப்பாவும் சின்னம்மாவும் தோள் கொடுப்பார்கள். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஒருசேர எழுவார்கள். செவலை முன்னங்கால்களை ஊன்றும். பின்னங்கால்கள் துணி மாதிரித் தொங்கும். நாலு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா "முடியலீங்க" என்பாள். இறக்கிவிடுவார்கள். இறக்கும்போது முன்பு படுத்திருந்த பக்கம் மேலே வருகிற மாதிரி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அடியில் கிடந்த கால் சில்லிட்டிருக்கும். அதை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பது என் வேலை.

தேய்க்கும்போது அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முழங்காலுக்குக் கீழே என் கையைவிடக் கொஞ்சம்தான் பருமன். இவ்வளவு பெரிய உடம்பை இந்த நாலு குச்சிகள் எப்படி இத்தனை காலம் தாங்கின என்று இருக்கும். நாலு பெரியவர்கள் சேர்ந்தும் அதில் பாதியைக் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லை.

வீடே சோர்ந்து போனது. அம்மாவின் தோள் உரிந்து, சேலை பட்டாலே முகம் சுளித்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தார். விதைப்பு தள்ளிப் போனது. அக்கம்பக்கத்துக் காடுகளில் பயிர் முளைத்துவிட்டது. சித்தப்பாவின் காடும் கட்டாந்தரையாகவே கிடந்தது. அம்மா தினமும் களி கிண்டிச் சின்னம்மாவைச் சாப்பிடச் சொல்வாள். "இருக்கட்டுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் பின்னால் போய்விடுவாள்.

பேச்சு மட்டும் என் வழியாக நடந்தது. கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லு. தளரவில்லை என்று சொல்லு. போதும் இறக்கலாமா என்று கேளு. இன்னும் கொஞ்சம் என்று சொல்லு. பாரத்தைச் சுமந்துகொண்டு இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் மூச்சு வாங்காமல் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் பெரிய பதவியாகவே நினைத்தேன்.

ஒரு சாயங்காலம், தூக்கி நிறுத்தியிருக்கும்போது செவலையின் தொடை நடுங்கியது. முதலில் தோல் மட்டும், பிறகு கால் முழுதும். குளம்பு மண்ணைத் தேடுவதுபோல் அசைந்து, பதிந்து நின்றது.

"விடுண்ணா" என்றார் சித்தப்பா. "தூக்காதே. அதுவா நிக்குது."

அப்பா மூங்கிலைத் தாழ்த்தினார். "நீயும் மெல்ல விடு. சாஞ்சுறப் போவுது."

கோணி தொங்கிவிட்டது. செவலை நின்றது. ஆடிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆனால் தன் கால்களிலேயே நின்றது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் சித்தப்பாவும் நேரடியாகப் பேசிக்கொண்டதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்து, பதவி போன வருத்தத்தோடு நின்றேன்.

மறுநாள் சித்தப்பாவும் சின்னம்மாவும் வரவில்லை. கூப்பிட்டு வரவா என்று கேட்டேன். "எதுக்கு? அதுதான் நின்னுருச்சே" என்றார் அப்பா.

செவலை தெளிந்து, மேயப் போய்வந்து, பழைய நடை நடக்க ஆரம்பித்தது. பிறகு ஒரு காலையில் சித்தப்பா மயிலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் சின்னம்மா தலையில் துணிமூட்டையோடு வந்தாள். மயிலையை எங்கள் பட்டியில் செவலைக்குப் பக்கத்தில் கட்டினார்.

"எங்க போறீங்க சித்தப்பா?"

"அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கு இறங்கறோம் கண்ணு."

"எனக்குப் பொரி வாங்கிட்டு வாரீங்களா?"

"வாரேன் சாமி."

அப்பா பட்டிக்கு வெளியே நின்றிருந்தார். சித்தப்பா கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "அப்பாகிட்டச் சொல்லு. மயிலைக்கு நுகத்துல எடப்பக்கந்தான் பழக்கம்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "தெரியும்னு சொல்லு" என்றார் அப்பா.

அவர்கள் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்ட வேலைக்குப் போக, செவலை விழுவதற்கு வெகு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள், அது எழுந்து நிற்பதற்காகவே பயணத்தைத் தள்ளி வைத்தார்கள் என்பதெல்லாம் நான் கல்யாணமாகிப் போன பிறகு அம்மா சொன்னது. அவர்கள் திரும்பவே இல்லை.

அவர்கள் இறங்கிப் போன அன்றே அப்பா இரண்டு காளைகளையும் பூட்டினார். ஒரு சால் ஓட்டி முடித்துத் திரும்பியதும் ஏர் நின்றுவிட்டது. மேழியைப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றார். "ஏனுங்க" என்று அம்மா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விதைக்கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். நான் கூழ் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. இத்தனை நாள் பாரம் தூக்கியதில் களைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கலயத்தை வரப்பில் வைத்துவிட்டு, சித்தப்பா இருட்டுவதற்குள் பொரியோடு வந்துவிடுவாரா என்று பார்க்க, பாதை தெரிகிற மேட்டுக்கு ஓடினேன்.