படகை இழுத்துக்கொண்டு சுங்கை ரம்பாய்க்கு

என் மனைவிக்குக் கடலின் நடுவில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட வேண்டும் என்று ஓர் ஆசை. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். கரையில் நின்று எத்தனையோ முறை கடலைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. பிள்ளைகள் இருவரும் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்ட பிறகு, புக்கிட் காத்தில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் ஒரு பழைய ஃபைபர் படகை, அதை ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். மீன் பிடிக்க என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் அந்தப் புளிசோற்றுக்காகத்தான் வாங்கினேன்.

விற்றவர் டுரியான் துங்கால் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனர். டிரெய்லரை என் காரின் கொக்கியில் மாட்டிக் கொடுத்துவிட்டு, காரோடு சேரும் மூக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கொக்கியில் அழுந்த வேண்டும் என்று மலாயில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பதினெட்டு வருடம் லோரி ஓட்டியவனுக்குப் பாரம் ஏற்றச் சொல்லித் தருகிறாரே என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

எஸ்டேட் எஸ்டேட்டாக மளிகைச் சாமான் கொண்டுபோன லோரி என்னுடையது. அந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்று, வாலில் வை. கோயில் திருவிழாவுக்குச் சாப்பாடு ஏற்றிப்போனாலும் அதேதான். அன்னதான அண்டா எப்போதும் லோரியின் வாலில் இருக்கும். பின்கதவைத் திறந்த உடனே கரண்டியைப் போட்டுவிடலாம்.

முதல் பயணத்தன்று காலையில் மனைவி டிரெய்லருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் என் லோரிச் சட்டப்படி ஐஸ் பெட்டி, பேட்டரி, பெட்ரோல் டாங்கி, நங்கூரம் எல்லாவற்றையும் படகின் பின்பக்கம் அடுக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புளிசோற்றுப் பானையை வைத்தேன். படகின் இயந்திரமும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறேன் என்று இரண்டு அடி தள்ளி நின்று ரசித்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சுங்கை ரம்பாய் படகுத்துறைக்குக் கிளம்பினோம்.

ஜாசினைத் தாண்டி ஓர் இறக்கம். கார் வேகமெடுத்ததும், யாரோ காரின் வாலைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் படகு ஒரு பக்கம் எட்டிப் பார்க்கிறது, அடுத்த நொடி மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. எதிரே செம்பனைப் பழ லோரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மனைவி திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள்; அவள் கை என் தொடையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பிரேக்கை மிதிக்காமல், எண்ணெய் மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். கார் தானாக வேகம் குறைந்து, ஆட்டம் அடங்கி, ஓரமாக நின்றது.

அவள் இறங்கினாள். படகிலிருந்து பானையை எடுத்துக்கொண்டாள். போனில் டாக்சிக்குச் சொல்லிவிட்டு, வெயிலில் பானையோடு நின்றாள்.

"நான் மொள்ளமா போறேன், ஏறு."

"இது இப்படி வால ஆட்டுற வரைக்கும் நான் இந்தக் காடியில ஏற மாட்டேன். கடலும் வேணாம், சோறும் வேணாம்லா. உசுரோட வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிறேன்."

சொன்னதைச் செய்பவள். அடுத்த நான்கு மாதம் படகு என்ற சொல்லே வீட்டில் எழவில்லை. அவள் என்மேல் கோபமாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் அந்த ஆசையையே விட்டுவிட்டதுபோல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில், அண்டை வீட்டார் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். கிளம்பும்போது வேலியோரம் நின்று எல்லாரும் பார்த்தார்களே. பூசணிக்காய் வாங்கி டிரெய்லரைச் சுற்றி உடைத்தேன். புதிதாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். பிறகு அதே சாமான்களை அதே இடத்தில் வைத்துக்கொண்டு டுரியான் துங்கால் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஆடியது. வீட்டுக்கு வந்தபோது மனைவி போர்ச்சில் சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சாம்பாருக்கு ஆயிருக்கும்," என்றாள்.

டிரெய்லரைக் கழற்றி, அதன் மூக்கைத் தூக்கிப் போர்ச்சுக்குள் தள்ளினேன். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னாங்க, அத ஒத்தக் கையில தூக்குறீங்க?"

"ஏன், எனக்குப் பலம் இல்லையா?"

"உங்க பலம் எனக்குத் தெரியாதா? அரிசி மூட்டையத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிங்கிறீங்க. அதுக்கு மூக்குல வெயிட்டே இல்லங்க. என் மோட்டர்ல பின்னால ரெண்டு மூட்டை வச்சா முன்னால லேசாகி ஹேண்டல் ஆடும் பாருங்க, அந்த மாதிரி."

வீட்டில் சமையல் ஆர்டர் எடுப்பவள் அவள். இருபது வருடமாக அரிசியும் எண்ணெயும் மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றி வருகிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அவ்வளவு வந்திருக்காது. பட்டறைக்காரரும் இதைத்தானே சொன்னார்! என் லோரிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நான்கு சக்கரம். வாலில் எதை வைத்தாலும் தாங்கும். இது நடுவில் ஒரு ஜோடிச் சக்கரத்தோடு தராசுபோல் நிற்கிற பொருள். வாலில் கனம் வைத்தால் மூக்கு மேலே போகத்தானே செய்யும்?

அவள் உள்ளே போய்த் தன் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னபோது வாங்கியது. எங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதில் ஏறுவாள். அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையின்மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினோம். ஒன்பது கிலோ காட்டியது. மறுநாள் செம்பனைப் பழம் நிறுக்கும் இடத்துக்கு, மாட்டு வண்டி வேகத்தில், டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே காரிலிருந்து கழற்றி எடை போட்டுப் பார்த்தால், சாமான்களோடு அறுநூற்று முப்பது கிலோ. அப்படியென்றால் மூக்கில் அறுபத்து மூன்று வேண்டும்.

இரண்டு சனிக்கிழமை அதிலேயே போயிற்று. டிரெய்லரில் படகின் முன்முனை போய் முட்டும் கம்பத்தின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பத்தை ஒரு முழம் முன்னால் நகர்த்தி, படகையும் அதுவரை இழுத்தோம். பேட்டரியும் பெட்ரோல் டாங்கியும் முன்பக்கம் போயின. இப்போது மெஷின் நூற்றைந்து காட்டியது. கொக்கியில் மாட்டியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

"காடி குந்திக்கிச்சு," என்று மனைவி சிரித்தாள். நான்கு மாதத்தில் அந்தப் படகைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

கம்பத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி, ஐஸ் பெட்டியைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தோம். முள் ஆடி ஆடி அறுபத்து மூன்றில் நின்றது. "போதும், இதான் சரி," என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த எண்ணை அவள் அதில் அடிக்கடி பார்த்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் எடையைக் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை, அன்றும் வரவில்லை.

படகு பின்னுக்கு நழுவாதபடி முன்னும் பின்னும் பட்டை போட்டு இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் தலையில் ஹெல்மெட்டோடு வந்தாள்.

"நீங்க போங்க. நான் பின்னால மோட்டர்ல வரேன். அது ஆடுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்."

திறந்து வைத்த கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பக்கக் கண்ணாடியில் அவள் சிவப்பு ஹெல்மெட் சிறியதாகத் தெரிந்துகொண்டே வந்தது. மோட்டார் கூடையில் துணி சுற்றி எதையோ வைத்திருந்தாள். ஜாசினைத் தாண்டி அந்த இறக்கம் வந்தது. முருகா என்று வாய்விட்டே சொன்னேன். கார் வேகமெடுத்தது. பின்னால் இழுப்பு இல்லை, உதறல் இல்லை. படகு நேராக வந்தது. அவளும் நேராக வந்தாள்.

மெர்லிமாவ் பெட்ரோல் நிலையத்தில் ஹாரன் அடித்து என்னை நிறுத்தச் சொன்னாள். மோட்டாரை ஓரமாக விட்டுப் பூட்டினாள். துணியைப் பிரித்தாள், உள்ளே புளிசோற்றுப் பானை.

"ஆடல," என்றாள்.

"கொடு, படகுல நடுவுல வச்சுக் கட்டிடுறேன்."

"ஒண்ணும் வேணாம். இப்பதான் எல்லாம் சரியா நிக்குது, நீங்க எதையும் தொடாதீங்க."

காரில் ஏறி, பானையை மடியில் வைத்து, அதையும் சேர்த்துப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கார் முழுக்கப் புளியும் நல்லெண்ணெயும் மணத்தது. வழியெல்லாம் மகளைப் பற்றியும், அடுத்த வார ஆர்டரைப் பற்றியும், பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். சுங்கை ரம்பாய் படகுத்துறை வரும்வரை ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.