சக்களத்தியாக வந்த பந்து

போன ஆடி மாதம், தென்காசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் திதி கொடுத்து முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கேப்டனாக இருந்த பாஸ்கெட்பால் டீம் அவர் பெயரில் ஒரு போட்டி வைத்தது. "மதினி, நீங்கதான் வந்து பந்தைத் தூக்கிப் போட்டு ஆரம்பிச்சு வைக்கணும்" என்று இப்போதைய கேப்டன் வீடு தேடி வந்து கூப்பிட்டார். வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தத் தம்பி முகத்தைப் பார்த்ததும் "சரிப்பா, வருதேன்" என்று வந்துவிட்டது.

எனக்கு அந்தப் பந்தைக் கண்டாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் எனக்குச் சக்களத்தி. அவருக்குச் செங்கோட்டையில் மரக்கடையில் வேலை. விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்குப் போவார். வந்து குளித்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் மறுபடியும் மைதானம். வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் வாயில் கொழுக்கட்டைதான். குழம்பில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார், தானே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

நாங்கள் இருப்பது இலஞ்சியில். மொட்டை மாடியில் நின்றால் குற்றால மலை தெரியும். எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் குடும்பத்தோடு வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர் என்னை அருவிக்குக் கூட்டிப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சீசனில் ஞாயிறு தவறாமல் டீமோடு ஐந்தருவிக்குப் போவார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கு, இவருக்கு எந்த முட்டியில் வலி என்பது தெரியும். எனக்குத் தெரியாது.

போட்டியன்று அவர் போட்டோவுக்கு மாலை போட்டு, ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். கடையநல்லூர்க்காரர் ஒருவர், இவரோடு சேர்ந்து ஆடியவர், துபாயில் வேலை பார்க்கிறவர், இதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தார். ஒரு ஃபைனலில் மோதி விழுந்து இவருக்கு விரல் உடைந்துபோனதாம். பக்கத்து விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு கடைசி வரை ஆடினாராம். தன் முகத்தில் வலி தெரிந்தால் மற்றவர்கள் தளர்ந்துவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே ஆடினாராம். எனக்கு அந்த விரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பைக் செயினில் மாட்டிக்கொண்டது என்று என்னிடம் சொன்ன விரல் அது. சோறு பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தவள் நான், உண்மை தெரிந்தது அவர்களுக்கு.

அடுத்து இப்போதைய கேப்டன் பேசினார். ஒரு மேட்சில் தான் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு டீமே தோற்றதையும், எல்லோரும் திட்டியபோது இவர் மட்டும் பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டியதையும் சொன்னார். "அடுத்த மேட்ச்ல கடைசி நேரம், பந்து அண்ணன் கையிலதான் இருந்துச்சு. அவங்களே போட்டிருக்கலாம். என் கிட்ட தந்தாவ. வாய் திறக்கல. நீ போடுலேன்னு கண்ணு சொல்லுச்சு" என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டார். கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நான் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன என் புருஷனை இத்தனை பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறார்களே, என் பங்கு எங்கே என்று இருந்தது. கண்ணால் பேசுவாராம். என் வீட்டில் அந்தக் கண் பேப்பரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது?

பந்தை என் கையில் கொடுக்கிற நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. என்னைக் கூரைக்கடியில் சேர் போட்டு உட்கார வைத்தார்கள். ஆடிச் சாரலுக்கு நேரம் காலம் ஏது? சிமெண்ட் தரை நனைந்தால் கால் வழுக்கும், துடைத்துக் காய வைத்துத்தான் ஆட முடியும். சாரல் நின்றதும் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். பார்த்தால், எல்லாம் என் சேலை.

வருடா வருடம் சீசனுக்கு முன்னால் என் நைந்த காட்டன் சேலைகளைக் கேட்டு வாங்கிப் போவார். எதற்கு என்றால் "தரை துடைக்க" என்பார். பாத்திரக்காரரிடம் போட்டால் ஒரு தூக்குவாளியாவது கிடைத்திருக்கும் என்று திட்டிக்கொண்டேதான் கொடுப்பேன். மகள் காது குத்துக்குக் கட்டிய மாம்பழக் கலர் சேலையும் அங்கே கிடந்தது. நான் கட்டியதைக்கூடக் கொண்டுவந்து இந்தப் பந்துக்கு விரித்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தரை துடைக்கிற அத்தனை பேரும் மண்டி போட்டுக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் டீமில் ஒருவர் உதவி செய்கிறேன் என்று ஒரு சேலையைக் காலால் மிதித்துத் தேய்க்க வந்தார். "ஏலே, காலை எடு. மதினி சேலை அது" என்று கேப்டன் ஒரு அதட்டல் போட்டார். அவர் பதறிப்போய்க் காலை எடுத்துக்கொண்டார்.

நான் கேப்டனைக் கூப்பிட்டு, "என்னப்பா அது?" என்று கேட்டேன்.

"அண்ணன் வச்ச பழக்கம் மதினி. டீமுக்குப் புதுசா யாரு வந்தாலும் மொத நாளே சொல்லிருவாவ. இது உங்க மதினி கட்டுன சேலை, கால் படக் கூடாது, கையாலதான் துடைக்கணும்னு. அவங்களும் எங்க கூட மண்டி போட்டுத்தான் துடைப்பாவ. முடிஞ்சதும் அலசிக் காயப்போட்டு மடிச்சு வைக்கணும். கிழிஞ்சதைக்கூடத் தூரப் போட விடமாட்டாவ."

"வேற என்ன சொல்லுவாவ என்னையப் பத்தி?"

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டாவ மதினி. அண்ணன் பேசுறதே கம்மிதானே."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சேரை விட்டு எழுந்து போய் அந்த மாம்பழக் கலர் சேலையை எடுத்து நானும் மண்டி போட்டேன். துபாய்க்காரர் ஓடி வந்து, "நீங்க விடுங்க மதினி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

"என் சேலை. நான் துடைக்கேன்" என்றேன். அவரும் ஒரு சேலையை எடுத்து எனக்குப் பக்கத்திலேயே மண்டி போட்டுக்கொண்டார்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்த ஒரு பேச்சையும் அவர் அவர்களிடம்தானே சொன்னார் என்று இன்றைக்கும் இருக்கிறது. நான் இல்லாத இடத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை சேர்த்து வைத்த மனுஷரிடம், இதை என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நன்றாகச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. அந்தச் சண்டையைப் போடத்தான் இப்போது ஆள் இல்லை.