மகன் தேய்த்த கார்டு

பாசிர் பெனம்பாங் கடலுணவுக் கடையில் கல்லாவில் உட்காருவது துளசிதான். நாளெல்லாம் ஊரார் கார்டைத் தேய்த்துப் பணம் வாங்குகிறவளுக்குத் தன் கார்டின் கணக்கைப் பார்க்க மட்டும் தைரியம் கிடையாது. பதினோராயிரம் மலேசிய வெள்ளி கடன் ஏறிக் கிடந்தது. அதில் அவள் தின்றதும் இல்லை, உடுத்தியதும் இல்லை. எல்லாம் மகன் விமலன் தேய்த்தது.

புருஷன் இறந்த பிறகு ஜொகூருக்கு வேலைக்குப் போன மகனிடம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் கணக்கிலேயே இன்னொரு கார்டு எடுத்துக் கொடுத்தாள். அந்த அவசரம் மூன்று வருடமாகத் தீரவில்லை. பிள்ளை போன் செய்வதுதான் மெல்ல நின்றுபோனது. இவள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஆனால் அவன் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் வங்கியிலிருந்து இவள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். மூவாரில் பெட்ரோல். பத்து பகாட் ஊரில் சாப்பாடு. ஒருமுறை கிளினிக் என்று வந்தது. அடுத்து ஒரு பர்கர் கடை வரும்வரை இவளுக்குச் சோறு இறங்கவில்லை. சினிமாவில் இரண்டு டிக்கெட்டுக்கான தொகை வந்த நாளில், யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று கல்லாவில் தனியாகச் சிரித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை நலமா என்று தெரிந்துகொள்ள மாதாமாதம் வட்டி கட்டிய தாய் இவள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குடியிருக்கும் தாமான் வட்டாரத்து மண்டபத்தில் குடும்பக் கடன் பற்றிப் பேச குகன் என்றொரு ஆலோசகர் வந்தார்.

"பத்து வீடு இருக்குன்னு வைங்க. ஒம்பது வீட்டுல கார்டு கடனே இல்ல. ஒரு வீட்டுல பத்தாயிரம். ஆனா பேப்பர்ல, சராசரி வீட்டுக்கு ஆயிரம்னு போடுவான். ஆயிரந்தானேன்னு தோணும் லா. அந்த ஒரு வீட்டுக்காரர கேட்டாதான் தெரியும்!"

மண்டபம் சிரித்தது. துளசியும் சிரித்து வைத்தாள். அந்தப் பத்தாவது வீடு தன் வீடு என்று பக்கத்தில் இருந்தவளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் குகனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் வழி சொன்னார்.

"மொதல்ல மகன் கார்ட நிறுத்துங்க அக்கா. கொறஞ்ச தொகைய மட்டும் கட்டுனா கடன் எறங்கவே எறங்காது."

"பிள்ள பட்டினி கெடக்குமே தம்பி."

அது சும்மா சொன்ன சாக்கு. குறுஞ்செய்தி நின்றுவிடும் என்பதுதான் அவள் பயம். வீட்டுக்கு நடக்கும்போது வேறொன்று தோன்றியது. கார்டு வேலை செய்யாவிட்டால் அவன் அம்மாவைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? மறுநாள் வங்கிக்குப் போன் போட்டு நிறுத்திவிட்டாள். கடனை நினைத்து அல்ல, அந்த ஆசையில்.

வியாழக்கிழமை மதியம், கடை நிறையக் கூட்டம் இருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அம்மா, கார்டு வேல செய்யலயே?"

குரல் அப்பன் குரல் மாதிரியே தடித்திருந்தது.

"நிறுத்திட்டேன்யா. கடன் ரொம்ப ஏறிப்போச்சு. ஒனக்கு கஷ்டமா இருந்தா வீட்டுக்கு வந்துருய்யா, நான்..."

"ஓ... பரவால்லமா. எங்கிட்ட வேற ரெண்டு கார்டு இருக்கு. சரி, வைக்கிறேன்."

சாப்பிட்டாயா என்று அவள் கேட்டபோது மறுமுனையில் ஆள் இல்லை. இனி அதைச் சொல்ல வங்கியும் இல்லை.