தங்கை அனுப்பிய ஒலிப்பதிவுகள்

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் மதிய வெயில் ஏறிவிட்டால் ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவல்கூட அசந்துவிடும். அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படுத்தபடியே தங்கையின் குரலைக் கேட்டு எழுதுவேன். அவள் கிளாஸ்கோவில் நர்ஸ். நான் திருப்பதியில், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பவள். அவளும் என்னிடம் படித்துத்தான் போனாள்.

எல்லைத் தமிழர்களான எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அதனால் இங்கிலீஷ் உச்சரிப்பைத் தெலுங்கு எழுத்தில் எழுதி உருப்போடுவோம். தமிழில் எழுதினால் ஒற்றைக் ‘க’ எல்லாச் சத்தத்துக்கும் மாரடிக்க வேண்டும். தங்கை தெலுங்கில் எழுதிய நோட்டு முழுக்க என் சிவப்பு மைதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரே சொல்லை இருபது தடவை சொல்லவைத்து அவளை அழவிட்டிருக்கிறேன்.

இப்போது என் மாணவிகளுக்காக வாரம் ஒரு பதிவு அனுப்புகிறாள். நாம் ‘வாட்டர்’ என்று அழுத்துவதை அமெரிக்கர்கள் ‘வாடர்’ என்று இழைப்பார்கள். கிளாஸ்கோவிலோ நடுவிலுள்ள ‘ட்’டைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுகிறார்கள். அதற்கு ஒலிக்குறியீட்டில் ஓர் அடையாளம் உண்டு, புள்ளி வைக்காத கேள்விக்குறி மாதிரி. அரைத்தூக்கத்தில் அந்தக் குறிகள் கண்ணுக்குள் மிதக்கும். நான் பார்த்தேயிராத ஊரின் மழை காதில் பெய்யும். எவ்வளவு அநாயாசமாகப் பேசுகிறாள் என்று பூரித்துப்போவேன். ஆனால் போன் மட்டும் செய்யமாட்டாள். பழைய பேச்சோடு என்னையும் மறந்துவிட்டாளோ என்று ஏங்கிக் கிடந்தேன்.

போன வாரம் பாடம் முடிந்தும் பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். கூடத் தங்கியிருக்கும் சித்தூர்ப் பெண்ணிடம் சொல்வது கேட்டது.

“ஆறு தபா அழிச்சி அழிச்சி பேசிக்கினு கீறேன். இதுலயும் அக்கா எதனா தப்பு கண்டுபுடிக்கும். அதுக்கு பயந்துதான் போனே பண்றதில்ல.”

தூக்கம் பறந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. என்மேலேயே ஆத்திரம் வந்தது. அவளுக்கு ஒரு பதிவு அனுப்பினேன்: “பாடம் கெடக்கட்டும்மா. நீ இன்னா துன்னே?”

பதில் பதிவு வரவில்லை. போன் அடித்தது.

“ரொட்டிதான் துன்னேன்க்கா,” என்றாள், அழுதுகொண்டே. பேனாவைத் தேடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.