என் வெற்றியை ஃபஸ்மில் அறிவித்தான்

ஃபஸ்மில் சொன்னதே சரி என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனை வாதத்தில் வீழ்த்தினேன். அதன் பலனை இன்றுவரை அவன் அனுபவிக்கிறான். நானோ வாய் திறக்கவில்லை!

புத்தளத்தில் ஒரே பாடசாலை விவாத அணியில் வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு நுரைச்சோலையில், அவன் வீட்டு முன்னறையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு, கொழும்பிலுள்ள ஒரு சிறு நிறுவனத்துக்கு மின்சுற்றுப் பலகைகள் வடிவமைத்தோம். எதில் முரண்பட்டாலும் எதிரெதிரே நின்று வாதிடுவோம். அவனுடைய உம்மா நடுவர். தோற்றவனே வென்றவனின் முடிவைத் தன் வாயால் அறிவிக்க வேண்டும்... அது எங்கள் அணியின் பழைய விதி.

அம்முறை முரண்பாடு, தரவு கடத்தும் ஓர் அதிவேகத் தொடர் இணைப்பைப் பற்றியது. பலகையைச் செய்யுமுன், சமிக்ஞையை அனுப்பும் 'சிப்' எனும் சில்லையும் அதை வாங்கும் சில்லையும் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில்லின் எந்தக் கணித மாதிரியைக் கொண்டு ஓட்டுவது? ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கணக்கிலெடுக்கும் மாதிரி உண்மைக்கு மிக நெருக்கமானது. ஆனால் ஆமையாய் நகரும். மற்றையது, சில்லின் நடத்தையை மட்டும் சுருக்கிச் சொல்வது. இருமடங்கு உள்ளே போனால் இருமடங்கு வெளியே வரும் என நம்புவது. நம்பிக்கை பொய்க்காதவரை, அதன் வேகத்துக்கு ஈடில்லை.

"மச்சான், பெலமான சிக்னல் வந்தா ரிசீவர் அமுங்கிடும்டா. கொஞ்ச நேரத்துக்காவது டிரான்சிஸ்டர் மொடல்ல ஓட்டிப் பாப்பம்" என்றான்.

"அது ஓடி முடியக்குள்ள ஒனக்கு நரைச்சிரும்!"

"ஒனக்கு வாய் மட்டுந்தான் வேகம்."

அந்த ஏளனம் என்னைத் தைத்தது. அவன் தொழுகைக்குப் போயிருந்த வேளையில், அவன் கேட்ட சோதனையை நானே சிறிதாக ஓட்டிப் பார்த்தேன். திரையில் அலையின் உச்சி சீவிவிட்டாற்போல் தட்டையாய்க் கிடந்தது. வாங்கும் சில்லு அமுங்கிவிட்டது! நான் ஆதரித்த வேக மாதிரிக்கு அப்படியொரு நிலை இருப்பதே தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரையை மூடினேன். திரும்பி வந்தவனை வாதத்துக்கு அழைத்தேன்.

"நடுவர் அவர்களே! அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் இந்த அறையிலேயே மின்சாரம் நின்று நின்று வருகிறது. இதில் என் நண்பரின் ஆமை எக்காலம் கரை சேரும்?"

உம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. "எனக்கு ஒண்டும் வெளங்கல்ல மகன். ஆனா நீ பேசக்குள்ள கேக்க நல்லா ஈக்கி. நீதான் வெண்ட."

ஃபஸ்மில் எழுந்து என் கையைப் பற்றிக் குலுக்கினான். பிறகு கொழும்புக்கு அழைப்பெடுத்து, "சேர், வேகமான மொடலே போதும்" என்று அறிவித்தான். எவ்வளவு நேர்மையான தோல்வி அது! எவ்வளவு இழிவான வெற்றி!

செய்து வந்த பலகைகள் பிழை பிழையாய்க் கக்கின. யார் சொன்ன முடிவு என்று நிறுவனம் கேட்டது. "நான்தான் சொன்னன்" என்றான். என்னைக் கைகாட்டவில்லை. அவனுடைய வேலை போயிற்று, என்னுடையது நிரந்தரமாயிற்று. அன்றும் என் தோளில் கைபோட்டு, "நீ மனசார நம்பித்தானே பேசின, விடு மச்சான்" என்றான்.

மனசார... அச்சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அண்மையில் அவன் இன்னொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தான். விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருந்தான். "நீ பேசினாக் கெடைக்கும்டா" என்று ஒரே உற்சாகம். அவர்கள் அழைத்தார்கள். அவனது நேர்மையை, பொறுமையை, நுண்ணறிவை மனமுருகிப் புகழ்ந்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. பிறகு கேட்டார்கள்: "அந்தப் பலகையில் மாதிரியைப் பிழையாகத் தெரிவுசெய்தது அவர்தானே?"

உங்களுக்கு விளங்குகிறதா? ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது!

"இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு" என்றேன்.

அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஃபஸ்மில் நாள்தோறும் என்னைக் கேட்கிறான், நான் அவனைப் பற்றி என்ன சொன்னேனென்று...